பதினோராம் பக்கம்

காரைக்குடியில் இரண்டு நாள் பயிற்சி.
சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் ஐம்பத்திரண்டு பேர்;
உபகரணப் பெட்டி முப்பதுதான் வந்திருந்தது.
பள்ளத்தூர் பஸ் தாமதம், நான் கடைசி வரிசை.
எனக்கு வாய்த்தது
குடித்து முடித்த ஒரு தண்ணீர் பாட்டிலும்
நாற்பது பக்கக் கையேடும்.

முதல் பத்துப் பக்கம் பனிக்கரடி.
எங்கள் பிள்ளைகள் பனிக்கட்டியை
மீன்காரர் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள்.

பதினோராம் பக்கத்தில் ஒரு பாட்டில் படம்.
கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகு.
அடி நெளிந்திருந்தால் மெழுகு உருக்கிச் சமன் செய்.
அளவுகோலை ஒட்டு: மழைமானி.
கீழே பொடி எழுத்தில்,
மழையில்லாத நாளில் பூஜ்யம் எழுதவும்.
வெற்றிடம் விட்டால்
அன்று யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

மாதா கோயில் மெழுகுவர்த்தி இரண்டு, என் செலவு.
பள்ளி மொட்டைமாடி, காலை எட்டரை,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
ஆடி முழுக்கப் பூஜ்யம்.
ஆவணியில் ஒரு நாள் இரண்டு,
மறுபடி பூஜ்யம்.
தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார்:
"இம்புட்டு முட்டையா? உங்க பரீட்சைப் பேப்பரை விட மோசம் டீச்சர்."

'குறிப்பு' என்ற கட்டத்தை
அடைக்கலராஜ் மட்டும் விடமாட்டான்.
'காக்கா கவிழ்த்தது. நிமிர்த்தினேன்.'
'ஒரு சொட்டு. மழை இல்லை. யோகமீனா கை கழுவினாள்.'

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூஜ்யம் இருந்தது.
வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருப்பான் என்று
நினைத்தேன், கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு சனி இரவு பிடித்துப் பெய்தது.
ஞாயிறு எட்டரைக்கு என் போனில் ஒரு படம்:
சொட்டும் சட்டைக்கை, கோட்டைத் தொடும் விரல்.
முப்பத்து நாலு.
திங்களன்று சுற்றுச்சுவரைப் போய்ப் பார்த்தேன்.
பாசி தேய்ந்து கால் வைக்கும் தடம்.
ஒரு நாளில் தேய்கிற தேய்மானம் இல்லை அது.

அன்று பாடத்தை எதிர்வீடு நடத்தியது.
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை,
உரிமையாளர்கள் கோலாலம்பூரில்.
வெளிச்சுவரோரம் நடந்தே அளந்தோம்,
நீளம் அறுபது மீட்டர், அகலம் இருபது.
சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர்.
யோகமீனா பெருக்கினாள்:
நாற்பதாயிரத்து எண்ணூறு.
ஒரு வீடு, ஒரு ராத்திரி.
"முத்தத்துக்குக் கூரை இல்லையே டீச்சர், கழிக்கணுமா?"
வேண்டாம், அதுவும் அதே தூம்பில்தான் வெளியே வருகிறது.
"வந்து?"

வகுப்பே எழுந்து தெருவில் இறங்கியது.
காய்ந்த சேற்றின் வரியைப் பிடித்துக்கொண்டு போனோம்.
ஊருணிக்குத் திரும்ப வேண்டிய முனையில்
புதுச் சாலை ஒரு சாண் உயரம்.
தண்ணீர் அங்கே யோசித்திருக்கிறது,
செல்போன் கடைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது,
அப்புறம் சாக்கடை.
ஊருணியில் கணுக்கால் அளவு.
"ஊர் பேரு பள்ளத்தூர்,
தண்ணிக்கு யாரும் சொல்லலை போல."
யார் சொன்னது என்று தெரியவில்லை. சிரித்தோம்.
நான் சற்றுத் தாமதமாக நிறுத்தினேன்.

பேரூராட்சிக்கு மனு. முப்பத்தெட்டு கையெழுத்து.
இணைப்பு: எழுபத்தொன்பது நாள் பதிவேடு.
"பூஜ்யத்தை எல்லாம் எதுக்கு ஜெராக்ஸ் எடுத்தீங்க?"
எழுத்தர் கேட்டார்.
ரசீது கொடுத்தார். இதுவரை அவ்வளவுதான்.

இன்று வட்டார வள மையத்திலிருந்து படிவம்.
நடப்பட்ட மரக்கன்றுகள்: பூஜ்யம்.
விழிப்புணர்வுப் பேரணிகள்: பூஜ்யம்.
தேவைப்படும் வளங்கள்:
கொத்தனார் வைத்திருப்பது போல ரசமட்டம் ஒன்று,
சாலைச் சரிவு பார்க்க.
மெழுகுவர்த்தி ஒன்று, அடி மறுபடி நெளிகிறது.
இப்படிக்கு, செ. எமரன்சியா,
பட்டதாரி ஆசிரியர், அறிவியல்.

பதிவேட்டில் இன்றைய வரி:
0.
'உள்ளே ஒரு எறும்பு.
உயிரோடுதான் இருந்தது.'