வண்ணப் பிரதி, பக்கத்துக்குப் பத்து ரூபாய்

கே.கே. நகர் கோர்ட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டுப்பாடு:
அச்சடிப்பதைப் படிக்கக் கூடாது.
பதினோரு வருடம் காப்பாற்றினேன்.

முத்துமீனா பென் டிரைவை நீட்டினாள்.
கோப்பின் பெயர் 'வீட்டு வாடகை'.
வீட்டில் யாரும் திறந்துவிடக் கூடாதே என்று.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
"கலர்லதான் வேணுமாம்க்கா, நீல டிக் தெரியணுமாம்.
'படிச்சிருக்கியேம்மா'ங்கறாங்க."

முதல் பக்கம்: 'சாப்டியா?'
அறுபதாம் பக்கமும் சாப்டியாதான்.
நடுவில் எங்கோ
திருநகருக்கு அவள் ஏறிய பஸ்ஸின் எண்,
அன்றைய சுடிதாரின் நிறம்,
பச்சை உனக்கு எடுக்கல என்று ஒரு தீர்ப்பு.
அடைத்த எண்ணுக்குப் பின்னால் வேறு எண்.
எல்லா எண்ணும் அடைபட்டதும்
ஒரு ரூபாய் வருகிறது, அவள் வங்கிக் கணக்குக்கு.
குறிப்பில்:
'ஸ்கேன் சென்டர்ல லைட் இன்னும் எரியுது.'
மறுநாள் இன்னொரு ரூபாய்.

இருநூற்று மூன்றில் தாள் சிக்கியது.
மூடியைத் திறந்து இழுத்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

எனக்கும் ஒருவன் இருந்தான்.
மேலூர்க் கால்வாய்க் கரையில்
இரண்டு வருடம் என் முதுகுக்குப் பின்னே ஒரு சைக்கிள் மணி.
புகார் என்று யாரும் போகவில்லை.
பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், அவனையல்ல.
சைக்கிள் மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் கிடையாது.

போன வாரம் குமாஸ்தா ஒருவர்
திருத்திய சட்டத்தைப் பிரதி எடுத்துப் போனார்.
தண்டனை கூடியிருக்கிறதாம்.
ஒரு ஸ்டேப்ளர் பின் போதுமாயிருந்தது.
'மீண்டும் மீண்டும்' என்று அதில் இருக்கிறது,
எத்தனை மீண்டும் என்று இல்லை.
'பின்தொடர்தல்' என்றும் இருக்கிறது.
அவனைப் பின்தொடர்வோர் ஆயிரத்து இருநூறு பேர்,
அவன் பக்கத்தில் தினம் ஒரு காலை வணக்கம், ரோஜாப்பூவோடு.

ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன், மூன்று கட்டு.
போனை எடுத்தாள். பணம் ஏறியதும்
என் கல்லாப்பெட்டி ஸ்பீக்கர் தொகையைக் கத்தியது.
தோள் குலுங்கியது அவளுக்கு.
"அந்தச் சத்தம்தான்க்கா," என்றாள்.

"அவன் போட்ட காசு?"

"முப்பத்தேழு ரூபா. அப்படியே கிடக்கு.
மாசக் கடைசியில பஸ்ஸுக்கு இல்லாதப்பகூட
அதுக்குக் கீழ இறங்க விட்டதில்ல."