வாய் சும்மா இருக்கும் வாத்தியம்

தாடைத் தையல் பிரித்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்,
இனி ஊதக் கூடாது.

அதனால்தான் மேலமாசி வீதி லாட்ஜில் இந்த மூன்றாம் மாடி அறை.
கட்டில்மேல் இரண்டு அயர்லாந்துப் பைக்குழல்கள்.
துருத்தியை முழங்கையால் அமுக்கவேண்டும்.
மூச்சு வேண்டாம்.

கப்பல் வேலைக்குப் போய் வந்த லூர்துநாதன்
வெள்ளிச் சாவிகள் மின்னுவதை முதலில் காட்டினார்.
நான் பையைக் கேட்டேன்.
காற்று நிரப்பி, துளைகளை அடைத்து,
கன்னத்தோடு வைத்தேன்.
மரத்த கன்னம் அல்ல, மற்றது.
முப்பது எண்ணுமுன் தோலோரம் சில்லென்றது.
வெள்ளி அவரோடு இருக்கட்டும்.

அடுத்தது கறுப்பு மரம்.
அடியில் பழைய விரிசல், நூல் சுற்றி ஒட்டியது.
மறைக்காமல் ஒட்டியிருந்தது பிடித்தது.
கீழ் ஸட்ஜம் சுத்தம்.
மேலே ஏறினால்தான் பொய் தெரியும்.
ஏறினேன்.
மயிரிழை தாழ்வு.
"நம்மூர் வெயில் சார், சீவாளி காய்ஞ்சிருக்கும்."
இருக்கும். டப்ளின் மழையில் சீவியது
சித்திரை மதுரையில் என்ன பாடு படும்!
கொறுக்கை வாங்கி நானே சீவிக்கொள்கிறேன்.

ஒத்து மூன்றையும் திறந்தேன்.
கீழே பெரியார் நிலையப் பேருந்து
தெரு முடியும்வரை ஹாரன் அடித்துப் போனது.
ஒத்து அசையவில்லை.

ரெண்டரை லட்சம் என்றார்.
ரெண்டு என்றேன், விரல் எடுக்காமலே.
அப்போதுதான் உறைத்தது:
வாசித்துக்கொண்டே பேசுகிறேன்.

நாற்பது வருஷம் நாயனத்துக்கு விட்டிருந்த வாய்.
கையில் கிடைத்ததும்
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"தம்பி, ரெண்டு டீ!
ஒண்ணுக்குச் சர்க்கரை வேண்டாம்"
என்று கதவுப் பக்கம் கத்தினேன்,
கமகம் ஒன்றை முடிக்காமல் வைத்துக்கொண்டு.