கல்லுக்குக் கட்டம் இல்லை

ஜனவரியில் வந்து பார்த்தால்
ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை.
மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது.
கதிர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.
பட்டினியின் நிறம் பச்சை என்றால்
தலைநகரத்திலிருந்து வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

மாமரத்தடியில் உயரப் பலகையைச் சாத்தி
ஓட்டுச் சில் ஒன்று அண்டைக்கொடுத்து
தராசை மட்டமாக்கினேன்.
இரண்டாம் வகுப்பு, நூற்று மூன்று பேர்.
செருப்பைக் கழற்று என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா எதுவரை படித்தாள்?
அடிகுழாய் எத்தனை தூரம்?
கழிப்பறைக்குக் கூரை உண்டா?
உனக்குப் பின் எத்தனை பேர்?
நேற்று விடிந்ததிலிருந்து என்ன சாப்பிட்டாய்?

நேற்று என்ற சொல்லில்தான் தடுக்கி விழுகிறார்கள்.
ஒருத்தி கிறிஸ்துமஸ் கோழியைச் சொன்னாள்,
கழுத்து யாருக்குப் போனது என்பது உட்பட.
ஒருவன் ஆம்பல் கிழங்கு என்றான்,
முதலை கிடக்கும் மடுவில் அப்பா இறங்கிப் பறித்தது.
கிழங்குக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
முதலைக்கு இல்லை.

ஃபனிசோ. ஒன்பது வயது. ஏறி நின்றான்.
இருபத்தொன்று புள்ளி ஆறு.
எண்ணைக் கண் நம்பவில்லை:
அவன் கழுத்தெலும்புக் குழியில்
மரத்திலிருந்து சொட்டிய துளி
வழிய இடமில்லாமல் தங்கியிருந்தது.

கால்சட்டைப் பையைத் தொட்டேன்.
கல். மற்றதிலும் கல்.
உருண்டையான ஆற்றுக் கற்கள்,
அவசரமில்லாமல் பொறுக்கியவை.

அடிப்பேன் என்று நினைத்தான் போல,
தரையைப் பார்த்தே சொன்னான்:
போன வருஷம் எடை குறைந்தவர்கள் பெயரை
காலைக் கூட்டத்தில் வாசித்தார்கள்.
அன்றிலிருந்து அம்மா
இருட்டிய பிறகுதான் தண்ணீருக்குப் போகிறாள்.

எலெஃபாவை எனக்குத் தெரியும்.
யாரோ ஒருவரின் கரும்பில் களையெடுப்பு.
நாள் கூலிக்கு, இந்த மாத விலையில்,
அரைப் படி மாவு.
அதில் ஐந்து வயிறு.
ஆறாவது அவளுடையது, அது கணக்கில் வருவதில்லை.

வாசித்தது நான்தான்.
கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று
ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை.
அவனுக்கு அது நினைவில்லையா,
நினைவிருந்தும் என் முகத்துக்காக
'வாசித்தார்கள்' என்று பன்மையில் சொன்னானா,
கேட்கத் துணிவில்லை.

கற்களைத் தனியே நிறுத்தேன். ஒன்றரைக் கிலோ.
கழித்து எழுதினேன்.
இனி யார் முன்னாலும் வாசிக்க மாட்டேன் என்றேன்.

மாவு தருவீர்களா என்றான்.
மார்ச்சில் வரும் என்கிறார்கள்.
மார்ச்சில் கதிரே வந்துவிடுமே என்றான்,
என்னைக் குறை சொல்லாமல்,
கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிறவன் மாதிரி.

பிறகு கற்களைக் கேட்டு வாங்கி
மறுபடியும் பைகளில் போட்டுக்கொண்டான்.
வீடு வரை வழியெல்லாம் ஆள் இருக்கும் அல்லவா.

அடுத்தவள் தராசில் ஏறுமுன்
நான் கேட்காமலே
தன் பாவாடைப் பையை வெளியே புரட்டிக் காட்டினாள்.
அடியில் ஓட்டை.
அதன் வழியே என்னை நோக்கி
ஒரு விரலை ஆட்டினாள்.