ஙொய்

தமிழ்ப்பள்ளிச் சுவரில் எல்லா எழுத்துக்கும் படம் உண்டு.
ங-வுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை.
டீச்சர் அந்தக் கட்டத்தைப் பிரம்பால் தொடாமலே தாண்டுவார்.
இன்று மதியம்
சிலிம் ரிவர் சந்தை முனையில்
அழகேந்திரனின் லோரி வளைந்து வந்தபோது
அந்தக் கட்டம் நிரம்பியது.
ஙொய்ங்ங்ங்.

இருபத்தாறு வருஷத்து இசுசு.
முதுகில் செம்பனைக் குலை,
ஆலை வாசலில் நீள வரிசை,
ஆறு மணிக்குள் எடை ஏறாவிட்டால் நாளைக்குத்தான்.
இறங்கும் முன்பே சொல்கிறான்:
"பம்பு போச்சுக்கா.
ஈப்போவுல புதுசு எழுநூத்தம்பது வெள்ளி.
பழசு முந்நூறு."
விலை விசாரித்துவிட்டு வருகிறவன்
வியாதியையும் கையோடு கொண்டுவந்து விடுகிறான்.

"எஞ்சினை அணைக்காதே. வாயை மூடு."
டயர் கடை ஆ கியோங்குக்குக் கை காட்டினேன்;
கம்ப்ரெசர் நின்றது.
தண்டவாளத்தில் ஒரு ரயில். அதுவும் போகட்டும்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனை பம்பின் மேல்,
பிடி என் காதோர எலும்பில்.

கிறீச் என்றால் பெல்ட்.
கரகர என்றால் பேரிங்,
அதற்கு அல்டர்னேட்டரையும் சந்தேகப்பட வேண்டும்.
இது அதுவும் இல்லை, இதுவும் இல்லை.
ஸ்டியரிங்கை வலது முட்டத் திருப்பச் சொன்னேன்.
ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல்
ஙொய் நீண்டது.
காற்று.
எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் காற்று.

மூடியைத் திறந்தேன். நுரை.
சிவப்பாய் இருக்கவேண்டியது தே தாரே நிறத்தில்.
வாசனை?
மறுபடி முகர்ந்தேன்.
பீசாங் கோரேங்.

"என்னத்தடா ஊத்தினே?"
அழகேந்திரன் தன் குலைகளைத் திரும்பிப் பார்த்தான்.
குலை ஏற்றும் மொக்லேஸ்
சிரிப்பை மறைக்கச் சக்கரத்துக்குப் பின்னால் போனான்.
"புதன்கிழமை ராத்திரிக்கா. காட்டுக்குள்ள.
அளவு கொறைஞ்சு ஸ்டியரிங் கல்லாயிருச்சு.
வீட்டுக்கு வாங்கின பாக்கெட்டு ஒண்ணு கெடந்துச்சு.
எண்ணெய்தானே?"

எண்ணெய்தான்.
குலையாய் இவன் முதுகில் ஏறி ஆலைக்குள் போய்
பாக்கெட்டாய்க் கடைக்கு வந்து
திரும்பவும் இவன் லோரியின் வயிற்றுக்குள்.
திட்ட வாய் வரவில்லை.

ஆனால் ஏன் குறைந்தது? கீழே சொட்டு இல்லையே.
விரலை விட்டுத் தடவினேன்;
உறிஞ்சு குழாயில், கிளாம்புக்கு அடியில்
நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.
ஓடும்போது கசியாது, காற்றைத்தான் குடிக்கும்.
நின்றபின் சொட்டும்.
இவன் லோரி நிற்பது புல்லில்.
புல் எதையும் சொல்லாது.

எண்ணெய்த் துணியை வெடிப்பின் மேல் சுற்றினேன்.
ஙொய் தடுமாறியது.
ஙொ...
போதும். அணை.

குழாய் பதினெட்டு வெள்ளி, கிளாம்பு இரண்டு,
பழையதை வடித்துக் கழுவ மூன்று புட்டி.
முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி
எஞ்சின் அணைந்தபடியே
இடமும் வலமும் முட்டத் திருப்பிக் காற்றை விரட்டணும்.
"மொக்லேஸ், ஏறு. இருபது தடவை."
நாலு வருஷத்தில் அந்த இருக்கையில் அவன் உட்கார்ந்ததில்லை.
சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்தான்.
கண்ணாடியைச் சரிசெய்தான்.
இருபது முடிந்தது, முப்பதும் ஆனது.
எங்கேயோ மலைவளைவில் போய்க்கொண்டிருந்தான்.
குழிழி நின்றபிறகும்
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

"பம்பு தப்பிச்சிருச்சாக்கா?"
தெரியாது.
சமையல் எண்ணெய் மூன்று நாள் சுற்றியிருக்கிறது.
ஒரு வாரம் காதை வைத்துக் கேள், அப்புறம் சொல்கிறேன்.
காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
ஐந்தேகாலுக்குக் கிளம்பினான்.

சந்தை முனையில் லோரி வளைந்தது.
ங இல்லை.
புள்ளி வைத்த ங் ஒன்று இருந்ததோ?
கழுத்தை நீட்டினேன்.
ஆ கியோங் கம்ப்ரெசரைப் போட்டார்.