தராசு பேசும் வேகம்

தராசின் சிவப்பு எண்கள் தெளிவாகத்தான் சொல்கின்றன:
நாற்பது கிலோ அறுநூற்றைம்பது.
மடிக்கணினிக்கு வந்து சேர்கையில் அது
கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக,
வெற்றிலை போட்ட வாயோடு
யாரோ தொகை சொன்னாற்போல.

கொரடாச்சேரி கொள்முதல் நிலையம்.
ஐப்பசி, மாலை ஐந்தேகால்.
களத்தில் குறுவை நெல்
தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிக்கொண்டிருக்கிறது.
கிழக்கே வானம் யாரையும் கேட்காமல் கறுக்கிறது.

பட்டியல் எழுத்தர் ஜெகபர் அலி
தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார்.
"கரண்ட் போய் வந்ததுலேர்ந்து இப்படித்தான், மேடம்."
திருவாரூரிலிருந்து பஸ் பிடித்து வந்த டெக்னீஷியன் நான்.
வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.
பிரிண்டர் தெரியும், தராசு தெரியாது.
மென்பொருளின் கையேட்டை முழுதாகப் படித்ததில்லை
(யார்தான் படித்தார்கள்).

கையேட்டின் உச்சியில் ஒரு தேடல் கட்டம்.
கீழ் மூலையில், சிரிக்கிற வட்டமாய்,
'என்னிடம் கேளுங்கள்'.

தேடலில் போட்டேன்: எடை வரவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
எடை அலகு மாற்றுதல். எடைச் சீட்டு அச்சிடுதல்.
எடையில் பிழை நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல.
மேட்டூர் திறந்த சேதி மாதிரிதான் இது.
தண்ணீர் வருவது உண்மை.
என் மடைக்கு எந்த வாய்க்கால் என்பது
எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

வட்டத்தை அழுத்தினேன்.
நடந்ததை நடந்தபடி முறையிட்டேன்:
தராசில் எண் இருக்கு, திரையில் கட்டம் வருது,
கரண்ட் போச்சு, வெளியே அறுபது மூட்டை.
பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. வருத்தமும் தெரிவித்தது.
தராசும் கணினியும் வெவ்வேறு வேகத்தில் பேசுகின்றன, என்றது.
பாட் ரேட் பொருந்தவில்லை.
அமைப்புகளில் 'எடைக்கருவி', அதனுள் 'மேம்பட்டவை',
அதனுள் 'மீட்டமை' என்றொரு பச்சைப் பொத்தான்.

பச்சைப் பொத்தான் இல்லை.
'மேம்பட்டவை'யே இல்லை.
இல்லையே, என்றேன்.
நீங்கள் சொல்வது சரிதான், என்று உடனே ஒப்புக்கொண்டு
இன்னொரு இல்லாத பொத்தானைக் காட்டியது
அதே கனிவோடு.
தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு
நீடாமங்கலம் போகிறவனை
மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுகிற நல்ல மனுஷர்.

வைரக்கண்ணு வாசலில் வந்து நின்றார்.
ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.
அதில் ஒரு சொட்டு.

ஆனால் அந்தச் சொல்.
பாட் ரேட்.
ஒரு நிமிடம் முன்புவரை என்னிடம் இல்லாத சொல்.
இல்லாத பொத்தான்களை அங்கேயே விட்டுவிட்டு
அதை மட்டும் எடுத்துக்கொண்டு தேடலுக்குத் திரும்பினேன்.
இப்போது மூன்றே பக்கங்கள்.
மூன்றாவதின் அடியில், எறும்பு ஊர்கிற எழுத்தில்:
பழைய மாடல் தராசுகள் மின்தடைக்குப் பின்
9600க்குத் திரும்பிவிடும். கணினியிலும் அதையே கைமுறையாக இடவும்.
எழுதியவர் பெயர் இல்லை.
எந்த ஊரில் கரண்ட் போய் அவர் இதைக் கற்றாரோ.

இட்டேன்.
திரையில், நாற்பது கிலோ அறுநூற்றைம்பது.

"எது சொல்லிச்சு, மேடம்?" என்றார் ஜெகபர் அலி.
தப்பாகச் சொன்னதுதான் சொல்லிற்று என்றால்
எனக்கே புரியாது.
"ரெண்டும்," என்றேன்.
அதுவும் அத்தனை சரியில்லை.

பதினேழு மூட்டை உள்ளே போனது.
பிறகு மழை பிடித்துக்கொண்டது.
மீதி நாற்பத்து மூன்றின் மேல்
தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கட்டினார்கள்.
ஒரு முனை கடைசிவரை எட்டவில்லை.

கிளம்புமுன், சாக்கில் குறி போடும் மையை வாங்கி
தராசின் இடுப்பில் பெரிதாக எழுதினேன்: 9600.
அடுத்த முறை யாரும் தேட வேண்டாம்,
யாரையும் கேட்கவும் வேண்டாம்.

தலையிலிருந்து நீர் வழிய
வைரக்கண்ணு அதை எட்டிப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"குவிண்டாலுக்கா?"