கூட்டக் குறிப்பு

மூன்றாம் நாள். திரையில் அம்புகள்
மேலேயே போகின்றன.
'உயர்சிறப்பு மைய'த்துக்குத் தலையாட்டி முடித்து
போண்டாவுக்கு வந்துவிட்டோம்.

புள்ளியியல் செண்பகவடிவு மட்டும்
வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்:
முதலாண்டில் நின்றுபோன நாற்பத்தாறு பேரில்
முப்பத்தொருவர்
கச்சனம், ஆலத்தம்பாடிப் பக்கம்.
ஏழே முக்கால் பேருந்து
திருத்துறைப்பூண்டியிலேயே நிரம்பி
அங்கெல்லாம் நிற்காமல் திருவாரூர் வந்துவிடும்.
"முதல் வகுப்பைப் பத்து மணிக்கு வைத்தால்
அடுத்த வண்டியைப் பிடிப்பார்கள்."

"அது நேர அட்டவணை மேடம்,
இது பத்தாண்டுத் திட்டம்"
என்றார் சென்னையிலிருந்து வந்தவர்.

மேட்டூர் திறந்த செய்தியைப்
பேப்பரில் படித்துவிட்டு
மடையில் கால் வைத்துப் பார்க்கிற
கடைமடைக்காரன் நான்.
குறிப்பெழுதுவது என் வேலை.
தீர்மானம் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
அந்தப் பத்து மணியைத் தட்டச்சு செய்தேன்.

படிக்காமல்
எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.
செண்பகவடிவு மட்டும்
படித்துவிட்டு.