மூன்றாம் பாகத்தின் பாக்கி

இரண்டாவதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சரி.
ஐந்தாவதில் குதிரையின் வியர்வைகூடத் தெரிகிறதாம்.
இருக்கட்டும்.
நான் பேச வந்தது
'சாம்பல் கோட்டை' மூன்றைப் பற்றி:
அவசரத்தில் பிறந்து, ஆறே மாதத்தில்
பாதி விலைக்கு வந்ததைப் பற்றி.

ஹட்டனில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே,
நவ்ஷாத் நானாவின் கொமினிகேசனில்
மணிக்கு நாற்பது ரூபா.
ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர்.
நடப்பது நான், குதிப்பது யோகமலர்.
அவளுக்கு முந்தி நான் நடந்தால் பள்ளம்.
எனக்கு முந்தி அவள் குதித்தாலும் பள்ளம்.

அந்த விளையாட்டு முழுக்கப் பனிமூட்டம்.
இருபதடிக்கு அப்பால் மலை இல்லை, மரம் இல்லை.
தூரத்தை வரைய அந்தக் காலத்துக் கணினிக்கு
வலு போதவில்லையாம்,
அதை மறைக்கத்தான் மூட்டமாம்.
குறை என்று எழுதி மதிப்பெண் வெட்டியிருந்தார்கள்.
நாங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தோம்.
எதிர்க் கடை இல்லை, ரயில் பாதை இல்லை.
"ஹட்டனையும் யாரோ வலு போதாமத்தான்
வரைஞ்சிருக்காங்க" என்றாள் மலர்.

நான்காம் கட்டத்தில் சுமைதூக்கிகள் வருவார்கள்,
கோட்டைக்குக் கல் ஏற்றுகிறவர்கள்.
முந்நூறு பேர்,
மூன்று முகம்.
யார் முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாலும்
ஒரே வசனம்:
"மேலே இன்னும் வேலை இருக்கு."
ஆங்கிலத்தில்தான்; தமிழ் மலருடையது.
இரண்டாவதில் அவர்கள் இல்லை.
ஐந்தாவதில் கோட்டை தானாகவே எழுந்து
வெயிலில் மினுங்குகிறது.
கல் சுமந்தவன் முகம் காட்டியது
இந்தத் தொடரிலேயே மூன்றில் மட்டும்தான்,
அதுவும் இரவல் முகம்.

பாலத்தருகே சீடி நின்றுவிடும். கீறல்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பாலம்,
தூக்கிய காலோடு அதே நிற்பு.
முடிவை நாங்களே செய்துகொண்டோம்:
சுமைதூக்கிகள் கல்லை இறக்கிவைத்துவிட்டு
செக்றோலைக் காட்டச் சொல்கிறார்கள்.
கோட்டைக்காரன் ஒரு பெயரும் தெரியாமல் முழிக்கிறான்.

போன மாதம் மலர் ஒரு வீடியோ அனுப்பினாள்.
இப்போது தலவாக்கலையில் வங்கிக்காரி,
பாக்கி என்றால் விடமாட்டாள்.
கீறலில்லாத முடிவு அது.
பாலம், கதவு, இருட்டு,
விளையாடியமைக்கு நன்றி.
அவ்வளவே.
ஆனால் இருட்டுக்கு முன்னே, திரையின் ஓரத்தில்,
பாலத்துப் பலகைக்குள் முழங்கால்வரை புதைந்தபடி
ஒரு சுமைதூக்கி
இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறான்.
"இதுக்கா அத்தனை சனிக்கிழமைக் காசு?" என்று கேட்டிருந்தாள்.
ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது:
"அவனை யாராவது வெளிய எடுங்கடா."

மெருகூட்டி வெளியிடலாம் என்கிறது கம்பனி.
மெருகு எங்களுக்குத் தெரியும்.
எங்கள் டிவிசனின் ஆறாம் நம்பர் லயத்துக்குப்
பழைய சுவர்மேலேயே நீலத் தகரம் அடித்து,
முன்பக்கம் மட்டும் பெயின்ட் பூசி,
ரிப்பன் வெட்டினார்கள்.
படம் நன்றாகத்தான் வந்தது.
மழைக்கு ஒழுக்கு இடம் மாறியது.

அதனால் அத்திவாரத்திலிருந்து கேட்கிறேன்.
ஏக்கம் என்று நினைக்கவேண்டாம்,
அந்தக் கடை நாற்காலியில் ஆணி இருந்தது.
பாலத்தைத் திருத்துங்கள்.
கரண்ட் போனாலும் விட்ட இடம் நினைவிருக்கட்டும்.
மூட்டத்தை மட்டும் கலைக்காதீர்கள்,
இப்போது வலு இருக்கிறதே என்று.
ஆனால் இம்முறை அதற்குப் பின்னால்
உண்மையாகவே மலை இருக்கவேண்டும்.

முந்நூறு பேருக்கும் முந்நூறு முகம்.
பெயர்களுக்குத் தட்டுப்பாடென்றால் மலரிடம் கேளுங்கள்,
பெரியசாமி, சவரியம்மா, தங்கேஸ்வரி என்று
மூச்சு விடாமல் சொல்வாள்.
எங்கள் டிவிசன் செக்றோலே போதும்,
மிச்சமும் வரும்.

அதற்கெல்லாம் முதலில்
அந்த முழங்கால்.